எங்க நாய் இல்ல

பக்கத்து வீட்டு நாயைப் பற்றி நம் காலைநடைக் கூட்டத்தில் யாராவது பேச்செடுத்தால் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன் என்று எல்லாரும் கேலி செய்கிறீர்கள். ஏதோ நாய் கடித்த கதை இருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று ஒருத்தி சொன்னாளாம். என்னை எந்த நாயும் கடித்ததில்லை. போன வாரம் கண்டி வாவிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நம்மில் ஒருத்தி, அடுத்த வீட்டு நாய் தன் பூச்சாடிகளையெல்லாம் கிளறிப்போடுகிறது, நகரசபைக்கு எழுதிப் போடப்போகிறேன் என்றாள். போடு, போடு என்று மற்றவர்கள் ஏற்றிவிட்டீர்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் அதே நினைப்பாக இருந்தது. வாயால் சொன்னால் நீங்கள் இடையில் சிரிப்பீர்கள், நானும் உங்களோடு சேர்ந்து சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. கூப்பன் அரிசிக் காலம், அளந்துதான் தருவார்கள். விடியுமுன்னே பாண் வாங்கப் பேக்கரி வரிசையில் போய் நின்றதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில்தான் நாங்கள் நகரசபைத் துப்புரவுக்காரர்களின் லயம் இருந்த மஹய்யாவையை விட்டு, டவுனுக்கு வெளியே மலைப்பக்கத்து அம்பிட்டியவுக்குக் குடிபோனோம். அப்பா நகரசபையில் தண்ணீர் மீற்றர் பார்ப்பவர். அவருடைய அப்பா அதே நகரசபையில் தெருக் கூட்டியவர். அம்மாவின் வீட்டிலும் அதே வேலைதான். அப்பா மட்டும் எட்டாம் வகுப்பு பாஸாகி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போய் இலக்கம் எழுதுகிற வேலைக்கு வந்துவிட்டார். பென்சில் காதில் ஏறியதும் அம்மாவுக்கு லயத்து வீடு சிறுத்துப் போய்விட்டது.

அம்பிட்டிய வீட்டில் இரண்டு அறை, ஒரு குசினி, சிமெந்து போட்ட முன் விறாந்தை. அறை யன்னலுக்கு உண்மையான கண்ணாடி. மழை பெய்தால் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு எதிர்ப் பக்கத்து மலை மறைவதைப் பார்ப்பேன். பின்னால் ஒரு கொய்யா மரம். அதன் காய் எப்போதும் கல்லு மாதிரி இருக்கும், ஆனாலும் எங்கள் மரம். எங்கள் என்று சொல்வது பழக்க தோஷம். வீடு, மரம் எல்லாமே பக்கத்து வீட்டு டீச்சருடையவை.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் கொழும்பில். வெள்ளைச் சேலை, தங்கக் கம்பி மூக்குக்கண்ணாடி. தனியாக இருந்தார், ஜிம்மி என்ற நாயோடு.

குடிபோன அன்றே அம்மா எனக்கு ஒரு பாடம் நடத்தினாள்.

"யாரு கேட்டாலும் டவுன்ல இருந்தோம்னு சொல்லு. மஹய்யாவ அது இதுன்னு வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்."

"டவுன்ல எங்கன்னு கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு. பத்து வயசுப் புள்ளைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்னு சட்டமா?"

நாங்கள் இந்தியத் தமிழர்கள் என்பது வாயைத் திறந்தாலே தெரிந்துவிடும். அதை மறைக்க முடியாது. என்ன வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் என்பதைத்தான் அம்மா மறைத்தாள். மறைக்க வேண்டிய ஆள்களில் முதல் ஆள் மாமா. மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாட்டி செத்தபோது அவருக்கு மூன்று வயதாம், அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவருக்கு நகரசபையின் நாய் பிடிக்கிற லொறியில் வேலை. முதல் வாரமே காக்கிச் சட்டையோடு ஒரு அன்னாசிப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அம்மா அவரை வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போய்க் குசினியில் உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்.

"தம்பி, நீ இங்க வராதடா. நானே அங்க வாரேன்."

"சரிக்கா" என்று மாமா சிரித்தார். என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, வந்த வழியே பின்பக்கமாகப் போனார். மாமாவுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

இனி நாய். இரண்டு வளவுக்கும் நடுவில் செவ்வரத்தைச் செடி வேலி. அதில் ஒரு ஓட்டை. ஜிம்மி தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். காலையில் அம்மா முற்றம் கூட்டி முடிப்பதற்குள் ஓட்டையால் நுழைந்துவிடும். கால்மிதியை இழுத்துக்கொண்டு போய்க் கொய்யா மரத்தடியில் விரித்துப் படுக்கும். உலர்த்தப் போட்ட சேலையின் நுனியைப் பிடித்து இழுக்கும். நனைந்த நாய் வாசம் எங்கள் குசினிக் கதவில் ஒட்டியே கிடந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் பொறுக்கும். பொறுக்காதது அமாவாசைச் சோறு.

தாத்தா இறந்ததிலிருந்து அமாவாசை தோறும் அம்மா விரதம். சமைத்து, படைத்து, ஒரு துண்டு வாழையிலையில் காகத்துக்கு வைத்துவிட்டு, காகம் வாய் வைத்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் குடிப்பாள். காகமாக வருவது தாத்தா. கூப்பன் அரிசியில் பிடி பிடியாக மிச்சம் பிடித்த சோறு அது. அதை ஜிம்மி ஒரே நக்கில் முடித்துவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அம்மாவின் முகத்தைப் பார்க்கும். மூன்று அமாவாசை இப்படிப் போயிற்று. அம்மா தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஓட்டையில் எலுமிச்சை முள் வைத்துப் பார்த்தாள். மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்தாள், அதில் தும்மியது நான்தான். கடைசியில் என்னையே தூது அனுப்பினாள்.

டீச்சர் வாசல்படியில் நின்றபடியே கேட்டார். என்னை உள்ளே வா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"நாயைக் கட்டட்டாமோ? கட்டின நாய் காவல் காக்காது பிள்ளை. அம்மாவை வேலியை அடைக்கச் சொல்லு."

வேலியும் அவருடையதுதான். இதை அம்மாவிடம் சொன்னேன். "படிச்சவங்க திமிர்" என்றாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் எங்களிடம் மாதாமாதம் வாடகை வாங்கினார், ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அம்மா அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள். தீபாவளிக்கு உளுந்து வடை அனுப்பினாள். திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை. மார்கழியில் ஒருநாள் சுண்டல். ஒவ்வொரு தடவையும் பாத்திரம் கழுவித் திரும்பி வரும், வெறுமையாக வராது, கொஞ்சம் சீனியோ இரண்டு வாழைப்பழமோ போட்டு வரும். "நல்லாயிருந்தது எண்டு அம்மாட்டைச் சொல்லு" என்பார் டீச்சர். அம்மாவுக்கு அந்த ஒரு சொல் ஒரு கிழமைக்குப் போதும்.

தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் கொண்டு போனேன். "நில் பிள்ளை, பாத்திரத்தைத் தாறன்" என்று டீச்சர் உள்ளே போனார். நான் வாசலில் நின்று அலுத்து, வீட்டின் பக்கச் சந்தால் எட்டிப் பார்த்தேன். பின்வாசலில் ஒரு எனாமல் தட்டு. டீச்சர் எங்கள் பொங்கலைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி அதில் போட்டுக்கொண்டிருந்தார். ஜிம்மி முந்திரிப்பருப்பைத் தேடித் தேடித் தின்றது. பிறகு பாத்திரம் கழுவப்பட்டு, சீனி போடப்பட்டு என் கைக்கு வந்தது. நல்லாயிருந்தது என்ற சொல்லும் வந்தது.

அந்த வயதிலும் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. தீபாவளி வடையும் கொழுக்கட்டையும் சுண்டலும் எல்லாம் அந்தத் தட்டுக்குத்தான் போயிருக்கின்றன. தனக்கு இவ்வளவு வகையாகச் சமைத்து அனுப்புகிறவர்களின் வீட்டை ஜிம்மி தேடிவந்ததில் என்ன பிழை? நாயை எங்கள் வளவுக்குப் பழக்கியது அம்மாவின் கைதான். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் முகத்தை நினைத்துச் சொல்லவில்லை.

ஆனால் வாய் சும்மா இருந்தால்தானே! இரண்டு நாள் கழித்து ஜிம்மி குசினிக்குள்ளேயே வந்து, மூடிவைத்திருந்த கருவாட்டுச் சட்டியைக் கவிழ்த்தது. அம்மா விறகுக் கட்டையோடு அதைத் துரத்திவிட்டு, அதே வேகத்தில் என் முதுகில் ஒன்று போட்டாள்.

"நீதான்டி அதுக்குக் களவாச் சோறு போட்டுப் பழக்குற!"

"நான் பழக்கல. நீதான் பழக்குன" என்று கத்தினேன். பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், எனாமல் தட்டு, முந்திரிப்பருப்பு ஒன்றையும் விடவில்லை.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தப் பாத்திரத்தை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஏற்கெனவே கழுவிய பாத்திரம். தேய்த்து, கழுவி, மறுபடியும் தேய்த்தாள். அதன் பிறகு அதில் அவள் எதுவும் சமைக்கவில்லை.

தை அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம் அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "நாளைக்கு இந்தப் பக்கம் நாய் லொறி வருது. டீச்சர்கிட்டச் சொல்லி அத கட்டச் சொல்லு." அப்பா நகரசபையில் இருந்ததால் எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் அது ஒரு வசதி. லொறி வருகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும், எல்லாரும் நாய்களைக் கட்டிவிடுவார்கள். அம்மா "சரி" என்றாள். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். எழுந்து போகவில்லை. சொன்னாயா என்று அப்பா கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்.

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. காகம் வரும்வரை நாயைத் துரத்த ஓர் ஆள் வேண்டும். நான் கையில் கம்போடு முற்றத்தில் நின்றேன். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு டவுன் கோயிலுக்குப் போனார். போகும்போது என் கம்பை ஒரு தடவை பார்த்தார். ஒழுங்கையில் மற்ற வீட்டு நாய்கள் எல்லாம் அந்தந்தக் கயிற்றில் கிடந்து ஊளையிட்டன. அவர்களுக்கு அப்பா சொல்லியிருந்தார்.

லொறி சத்தம் கேட்டதும் ஜிம்மி ஓட்டையால் பாய்ந்து வந்தது. என்னையும் கம்பையும் பொருட்படுத்தவே இல்லை. நேராகக் குசினி வாசலுக்குப் போய், அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டது. அதற்குத் தெரிந்த பத்திரமான இடம் அதுதான். அம்மாவின் கையில் இலையில் போட்ட சோறு.

வாசல் படலைக்கு வெளியே மூன்று பேர். முன்னால் நீண்ட தடியும் சுருக்குக் கயிறுமாக மாமா. எதிர் வீட்டுச் சிங்களப் பெண்மணி, நாங்கள் நோனா என்று கூப்பிடுகிறவர், வாசலுக்கு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவைப் பார்த்தார். எதிர் வீட்டைப் பார்த்தார். பிறகு, யாரோ ஒரு வீட்டுக்காரியிடம் கேட்பது போலக் கேட்டார்.

"அம்மா, இது ஒங்க வீட்டு நாயா?"

அக்கா என்று கூப்பிடவில்லை. எனக்கு அதுதான் முதலில் காதில் விழுந்தது.

"எங்க நாய் இல்ல" என்றாள் அம்மா.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வீட்டு நாயின்னா விட்டுட்டுப் போறோம்."

"இல்லன்னு சொல்றேன்ல. வெரத நாள்ல பொய் சொல்லுவாங்களா?"

மாமா இன்னும் ஒரு கணம் நின்றார். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைத்தான் சொன்னாள், அதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. சொல்லும்போதே ஓர் அடி தள்ளி நின்றாள். ஜிம்மிக்கு மறைவு இல்லாமல் போயிற்று. சுருக்கு விழுந்தபோது அது போட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. லொறி போனதும் அம்மா முற்றத்தில் சோற்றை வைத்தாள். காகம் உடனே வந்தது. எந்த இடைஞ்சலும் இல்லாமல் தின்றது.

அம்மா சாப்பிட உட்காரும்போது டீச்சர் வேலி ஓரம் வந்து நின்றார். நெற்றியில் விபூதி, கையில் பூக்கூடை.

"ஜிம்மியைக் கண்டனீங்களோ? படலையடியிலை காணேல்லை."

"இல்லிங்களே டீச்சர். காலையில இருந்து இந்தப் பக்கம் வரலிங்க."

இரண்டு மணி நேரத்துக்கு முன்பு விரத நாளில் பொய் சொல்லமாட்டேன் என்றவள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. உள்ளே வந்து இலை முன்னால் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துவிட்டு, இலையை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எதிர் வீட்டு நோனா மாலையில் கை ஜாடையில் லொறி, சுருக்கு எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் எங்களிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. ஒழுங்கையில் அந்தத் தலைக்கும் இந்தத் தலைக்கும் நடந்தார். "ஜிம்மி, வா ராசா" என்று கூப்பிட்டார். பிடித்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தும் ஏன் கூப்பிடுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது. அடுத்த நாள் மாலை எங்கள் விறாந்தைப் படியில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்பத்தெட்டிலை தமிழரை அடிச்ச கலவரத்துக்கை, ராத்திரியிலை எங்கட பழைய நாய் குலைச்சபடியாத்தான் நான் பின்பக்கத்தாலை ஓடித் தப்பினனான்" என்றார். "அதுக்குப் பிறகு நான் நாயைக் கட்டிறேல்லை. நாய் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது. நகரசபைக்கு ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? உங்கட அவர் அங்கதானே வேலை. ஒருக்காக் கேட்டுச் சொல்லுவாரோ?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சொல்றேன் டீச்சர்" என்றாள்.

நாங்கள் திமிர் என்று நினைத்தது பயம். கட்டாமல் விட்டதற்கு அவரிடம் அப்படி ஒரு காரணம் இருந்திருக்கிறது. எங்கள் பொங்கலை நாய்க்குப் போட்டதற்கும் ஏதாவது காரணம் இருந்திருக்குமா என்று நான் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. அதற்கு நம் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான். ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன.

அன்று அப்பா வந்ததும் அம்மா கேட்டாள். "பிடிச்ச நாயெல்லாம் எத்தன நாளைக்கு வச்சிருப்பாங்க?"

"நாளைக்கு வரைக்கும்தான். ஏன்?"

"நீங்க போய்க் கேட்டு எடுக்க முடியாதா?"

அப்பா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். "நான் கேட்டா யாரு, எவருன்னு எல்லாம் வெளிய வரும். நீதானே ஒண்ணும் வெளிய வரக்கூடாதுன்ன?"

காலையில் அம்மா தன் நல்ல சேலையைக் கட்டினாள், கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலை. என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். மஹய்யாவையில் இறங்கியபோது தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யாரு இது, அம்பிட்டியக்காரியா?" என்று ஒருத்தி இழுத்தாள். அம்மா நிற்காமல் நடந்தாள்.

நாய்களை அடைத்து வைக்கிற கொட்டிலுக்கு வெளியே ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து மாமா பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வாடை வந்தது. எங்களைக் கண்டதும் எழுந்து கையைச் சாரத்தில் துடைத்தார்.

"என்னக்கா, நீ இங்க வந்திருக்க?"

"அந்த நாய், தம்பி…"

"இருக்கு. தனியாக் கட்டி வச்சிருக்கேன். யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன்." புத்தகத்தை எடுத்துப் பென்சிலை நாக்கில் நனைத்தார். "யாரு நாயின்னு எழுத?"

"எங்க நாயின்னு எழுது."

மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுதினார். எழுதிவிட்டு, புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாய இல்லன்னு சொன்னதுக்கு எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான் அம்மான்னு கூப்புட்டேனே, அப்ப ஒரு தடவ, டேய்னாவது சொல்லுவன்னு பாத்தேன்."

"நீ ஏன்டா என்னய அம்மான்னு கூப்புட்ட?"

"நீதானே இங்க வராதன்ன. அவ்வளவு ஆளு பாத்துக்கிட்டு நிக்கிறப்ப அக்கான்னு கூப்புட்டா ஒனக்குத்தானே கொறச்சல்?"

மாம்பழச் சேலையோடு அம்மா அந்தக் கொட்டில் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். குழாயடிப் பெண்கள் குடங்களை வைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சற்று முன்பு நொடித்த அதே பெண் அம்மாவின் முதுகைத் தடவினாள். மாமா என்ன செய்வதென்று தெரியாமல் நாயைக் கொண்டுவந்து கயிற்றை என் கையில் கொடுத்தார்.

நாயைப் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். டவுனுக்குள்ளால் நடந்தோம், வாவிக்கரையைச் சுற்றி, அம்பிட்டிய ஏற்றம் முழுக்க நடந்தோம். ஜிம்மி நாறியது. அம்மாவின் சேலையில் அதன் அழுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. வழியில் கண்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா நிமிர்ந்து நடந்தாள். ஏற்றத்தில் களைத்து நின்றபோது மட்டும், "ஒரு சொல்லு. அன்னைக்கி ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்" என்றாள். என்னிடம் சொன்னாளா, நாயிடம் சொன்னாளா தெரியாது.

டீச்சர் படலைக்கு ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடி சரிந்து விழ, நிலத்தில் முழங்காலிட்டு ஜிம்மியைக் கட்டிக்கொண்டார். "என்ர ராசா" என்றார். "எங்கை இருந்தது? ஆர் எடுத்துத் தந்தது?"

இந்த இடத்தில் அம்மா, அப்பாதான் எடுத்துத் தந்தார் என்று சொல்லியிருக்கலாம். அதோடு கதை முடிந்திருக்கும். எல்லாருக்கும் சந்தோஷம்.

"என் தம்பி டீச்சர்" என்றாள் அம்மா. "பிடிச்சதும் அவன்தான். நாய் லொறியிலதான் வேல செய்றான். மஹய்யாவையில இருக்கான். லொறி வரும்னு எனக்கு மொத நாளே தெரியும், நான் ஒங்களுக்குச் சொல்லல. எங்க நாய் இல்லன்னு சொன்னதும் நான்தான். பாக்கலன்னு ஒங்ககிட்டச் சொன்னதும் பொய்."

நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது.

"மஹய்யாவையோ?"

"ஆமா டீச்சர். நானும் அங்கதான் பொறந்தேன்."

டீச்சர் எழுந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். "ஓம்" என்றார். பிறகு, "நாயைக் கொண்டுவந்து தந்ததுக்கு உபகாரம்" என்றார். உள்ளே போகுமுன் நாயை நிறுத்தி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கொட்டில் நாற்றத்துக்கு ஊற்றினாரா, வேறு எதற்காகவாவது ஊற்றினாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

அடுத்த நாளே ஜிம்மிக்குச் சங்கிலி வந்தது. வேலி ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். எங்கள் முற்றம் சுத்தமாக இருந்தது, கால்மிதி வாசலிலேயே கிடந்தது. நாங்கள் மாதக்கணக்காகக் கேட்டதெல்லாம் அதுதான். மாதக் கடைசியில் டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்.

"மகள் கொழும்பிலயிருந்து வாறா. அவவுக்கு வீடு தேவைப்படுது. ரெண்டு கிழமைக்குள்ளை பாருங்கோ."

நான் அழுதேன். கண்ணாடி யன்னலுக்காக அழுதேன், கொய்யாவுக்காக அழுதேன். அம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்த வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்பதுதான் என் கட்சி. பதினைந்து வயதில், மஹய்யாவை லயத்தில் படிக்க இடமில்லாமல் படலையடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, அதை அவள் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டேன். "நாயத்தான் குடுத்தாச்சே, எல்லாத்தையும் ஏன் ஒளறுன?" என்று கேட்டேன். அம்மா திரும்பி அடுப்படிக்குப் போனாள். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அந்த வீட்டுக்கு எந்த மகளும் வரவில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடம் கழித்து அப்பா அந்த வீட்டு மீற்றரைப் பார்த்தபோது, நாங்கள் இருக்கையில் அவர் கடைசியாக எழுதிய இலக்கத்திலேயே முள் நின்றதாம், தண்ணீர் ஓடவே இல்லை.

குடியெழும்பிய நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அதை நான் கண்ணால் பார்த்தேன், ஆனால் பதினைந்து வயதில் அதை நினைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சாமான் ஏற்ற ஒரு கூலி லொறி பிடித்திருந்தோம். மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். பழக்கத்தில் பின்பக்கத்தால்தான் வந்தார். அலுமாரியைத் தனியாளாகத் தோளில் தூக்கினார். கட்டில், அம்மி, இரண்டு கதிரை, உட்காருகிற வாங்கு எல்லாம் ஏறிவிட்டன. சாரதி ஸ்டார்ட் பண்ணிவிட்டான். டீச்சர் தன் முன் விறாந்தையில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டு நோனாவும் வாசலில் நின்றார். மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டு லொறியின் பின்னால் ஏறப்போனார்.

"தம்பி, எறங்கு" என்றாள் அம்மா.

"என்னக்கா? எதயாச்சும் விட்டுட்டோமா?"

"அந்தக் கதிரைய எறக்கு."

மாமா விழித்தார். பிறகு கதிரையை இறக்கினார். அம்மா அதை வாங்கி முன் விறாந்தையின் நடுவில், ஒழுங்கையைப் பார்க்கப் போட்டாள். உள்ளே போனாள். அடுப்பில் மிச்சமிருந்த தணலில் தண்ணீர் கொதிக்கவைத்து, விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கிற பூப் போட்ட கோப்பையைச் சாமான் பெட்டியிலிருந்து தேடி எடுத்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"ஒக்காரு தம்பி. குடி."

"அக்கா, லொறிக்காரன் கத்துறான்."

"கத்தட்டும். நீ ஆறுதலாக் குடி, தம்பி." ஒழுங்கையின் கடைசி வீடு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

மாமா உட்கார்ந்தார். சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை அம்மா கதிரையின் பின்னால் நின்றாள், ஒரு கை அவர் தோளில். யாரையும் அவள் பார்க்கவில்லை. நான் லொறியில் சாமான்களுக்கு மேல் உட்கார்ந்து, எப்போதடா போவோம் என்று சலித்துக்கொண்டிருந்தேன்.